காசின் அருமை விளையாட்டில் விளங்கட்டும்!

கோடை விடுமுறை நெருங்கினால் நம் பெற்றோர்களுக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. பிள்ளைகளை இரண்டு மாதம் எப்படிச் சமாளிப்பது? நீச்சல் வகுப்பு, சங்கீத வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு, இந்தி வகுப்பு என்று திருவனந்தபுரத்தில் தெருவுக்குத் தெரு வகுப்பு நடக்கிறது. ஆனால், பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு தினம் தினம் எந்த விஷயத்தோடு மல்லுக்கட்டப் போகிறதோ, அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வகுப்பு கிடையாது. அதுதான் பணம்.

சம்பாதிப்பதற்கு வேண்டிய படிப்பை எல்லாம் கடன் வாங்கியாவது கொடுக்கிறோம். சம்பாதித்ததைக் காப்பாற்றும் படிப்பைக் கொடுப்பதில்லை. இன்ஜினீயரிங் முடித்து முதல் மாதச் சம்பளத்தில் தாய்க்குப் புடவை எடுத்துக் கொடுத்த பையன், ஆறாம் மாதம் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட அப்பாவிடம் வந்து நிற்கிறான். இது எங்கோ ஒரு வீட்டில் நடப்பதல்ல. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்கு உள்ளேயும் பத்து வீட்டைத் தட்டினால் நாலு வீட்டில் இந்தக் கதை கேட்கும். அந்தப் பையனுக்குக் கணக்கு தெரியாதா என்றால், கணக்கில் அவன் நூற்றுக்கு நூறு வாங்கியவன். கணக்கு வேறு, காசு வேறு. கணக்கைப் பள்ளியில் படிக்கலாம். காசைப் பழகத்தான் வேண்டும். பழகுவதற்குச் சிறு வயதே நல்ல வயது. விளையாட்டே நல்ல வழி.

கண்ணுக்குத் தெரியாத பணம்

முன்பெல்லாம் பணம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கடைக்கு அனுப்புவார்கள். கையில் ஒரு ரூபாயை மடித்துக் கொடுத்து, கால் கிலோ சர்க்கரையும் தீப்பெட்டியும் வாங்கி வா, மீதியைப் பத்திரமாகக் கொண்டுவா என்பார்கள். மீதி குறைந்தால் முதுகில் ஒன்று விழும். அந்த மீதிக் காசில்தான் கூட்டல், கழித்தல், நாணயம், பொறுப்பு எல்லாம் அடங்கி இருந்தது.

இப்போது அந்த மீதியே இல்லை. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாதவை ஆயின. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. இன்று சாலைக் கடைத்தெருவில் கீரை விற்கும் பாட்டியும் கட்டம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறாள். அப்பா போனைக் காட்டுகிறார், ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருகிறது, சாமான் கைக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன தெரியும்? போனைக் காட்டினால் சாமான் வரும் என்பதுதான் தெரியும். அந்தப் போனுக்குப் பின்னால் அப்பாவின் முப்பது நாள் உழைப்பு இருப்பதும், காட்டக் காட்ட அது குறைந்துகொண்டே வருவதும் தெரியாது. கையில் இருந்த நோட்டு போய்விட்டால் கை வெறுமையானது கண்ணுக்குத் தெரியும். போன் அப்படியேதான் இருக்கிறது.

நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகத்தில் இருப்பவன். நாள் முடிவில் கல்லாவை எண்ணும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும் கையிலிருந்து போட்டு நேர் செய்ய வேண்டிய வேலை. ஆகையால் ஜனங்கள் காசை எப்படிக் கொடுக்கிறார்கள், எப்படி வாங்குகிறார்கள் என்பதைக் கவனிப்பது பழக்கமாகிவிட்டது. வியாபாரிகள் வீட்டுப் பிள்ளை என்றால் பத்து வயதிலேயே தெரிந்துவிடும். சில்லறையை வாங்கி அங்கேயே எண்ணிப் பார்த்த பிறகுதான் நகரும். உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளில் பலர், கல்லூரிக்குப் போகும் வயதிலும், கொடுத்ததை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடுகிறார்கள். புத்தியில் வித்தியாசம் இல்லை. ஒரு பிள்ளை கடையில் வளர்ந்தது, மற்றது வளரவில்லை. அவ்வளவுதான்.

குழியில் எண்ணிய சக்கரம்

நாம் குடியிருக்கும் இந்த ஊர் காசு விஷயத்தில் சாதாரண ஊர் அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாகவே நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். திருநெல்வேலிக்குப் போய்வரும் நம் முன்னோர்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போதெல்லாம் இந்த அரைச் சக்கர வித்தியாசத்தை மனதில் போட்டுப் பார்த்துத்தான் கொடுக்கல் வாங்கல் செய்திருப்பார்கள். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த தமிழ் வியாபாரியின் பிள்ளைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு ஏன் தலைகீழாகத் தெரிந்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிய நாணயம். கட்டைவிரல் நகத்தில் பாதிகூட வராது. ஆயிரக்கணக்கில் வந்து குவியும் அந்தப் பொடி நாணயங்களைக் கஜானாவில் எப்படி எண்ணினார்கள் தெரியுமா? மரப் பலகை ஒன்றில் வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டியிருப்பார்கள். ஒரு குழிக்கு ஒரு சக்கரம்தான் உட்காரும். ஒரு பிடி சக்கரத்தைப் பலகைமேல் கொட்டி, லேசாகக் குலுக்கி, மிஞ்சியதை வழித்துவிட்டால் பலகை நிறைந்திருக்கும். பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம். ஒவ்வொன்றாக எண்ணவே வேண்டாம். இந்தச் சக்கரப் பலகையைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் இது விளையாட்டுச் சாமான் என்றுதான் சொல்லும். இங்கிருந்து அதிக தூரமில்லாத நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையில் தொல்பொருள் துறையின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் மிருகக்காட்சி சாலைக்கும் கடற்கரைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு நாள் அங்கேயும் போய்வரலாம். பணம் என்பது போனில் பிறந்ததல்ல, மனிதன் கையால் அடித்து, எண்ணி, காத்துவந்த பொருள் என்பது அங்கே கண்ணால் விளங்கும்.

பல்லாங்குழி சொல்லும் பாடம்

சக்கரப் பலகையில் குழி. நம் வீட்டுப் பல்லாங்குழியிலும் குழி. பெண்பிள்ளைகள் விளையாட்டு, மழைக்காலப் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிட்டோம். பரணில் கிடக்கும் அந்தப் பலகையை இறக்கித் துடைத்து வையுங்கள். பணத்தைப் பற்றி அதைவிட நல்ல பாடம் சொல்லும் விளையாட்டு கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காது.

ஆளுக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டையோ சோழியோ வைத்தால் ஆளுக்கு 35 காய். இருவருக்கும் சரிசமம். ஒரு குழியிலிருந்து எடுத்துக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே முடியும், முடிந்த இடத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று எடுப்பதற்கு முன்பே மனக்கணக்குப் போட்டால்தான் பிழைக்கலாம். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அது ‘பசு’. அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். பெரிய குழியை அவசரப்பட்டு அள்ளுகிறவன் பல சமயம் எதிராளிக்குப் பசு சேர்த்துக் கொடுக்கிறான். சிறிய குழியை எடுத்துப் பொறுமையாக ஆடுகிறவன் கடைசியில் மடி நிறையச் சேர்க்கிறான். இதைவிடச் சேமிப்புப் பாடம் வேறு என்ன வேண்டும்?

ஒரு ஆட்டம் முடிந்ததும்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. தோற்றவனுக்கு ஏழு குழியையும் நிரப்பக் காய் இருக்காது. நிரப்ப முடிந்த குழியை நிரப்பி, மற்றதைக் காலியாக விட்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். ஏற்கனவே இருக்கிறவனுக்கு மேலும் சேர்கிறது. இல்லாதவன் இருப்பதையும் இழக்கிறான். ஒரு குழிக்கும் காய் போதாமல் போனவன் குழிக்கு ஒரு காயாகப் போட்டு ஆடுவதைக் ‘கஞ்சி காய்ச்சுவது’ என்று சொல்லும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. எவ்வளவு பொருத்தமான பெயர்!

பாளையங்கோட்டையில் வாழ்ந்து 2020-இல் மறைந்த பேராசிரியர் தொ. பரமசிவன் பல்லாங்குழியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சமமாகத் தொடங்கும் ஆட்டம் முதல் கை எடுத்தவுடனே சமம் குலைந்து, ஒருவரிடம் சேர்வதும் ஒருவர் வறியவராவதும் இயல்பே என்று நம்மை ஏற்றுக்கொள்ள வைக்கிறது, தனிச் சொத்து உருவான கதை இந்த விளையாட்டில் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கருத்து. பிள்ளைகளோடு ஆடும் பெற்றோர் இதையும் பேசலாம். உனக்கு ஏன் காய் குறைந்தது? நீ சோம்பேறியாக இருந்ததாலா, முதல் ஆட்டத்திலேயே தோற்றதாலா? காலி குழியோடு ஆட்டத்தைத் தொடங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் நன்றாகவே புரியும்.

அமெரிக்கப் பெண்மணியின் ஆட்டம்

நம் வீடுகளில் இப்போது பல்லாங்குழியைவிட அதிகம் காணப்படுவது ‘டிரேட்’ அல்லது ‘பிசினஸ்’ என்ற அட்டை விளையாட்டு. தாயம் உருட்டி, பம்பாயையும் கல்கத்தாவையும் விலைக்கு வாங்கி, வீடு கட்டி, அங்கே வந்து இறங்குகிறவனிடம் வாடகை கறக்கும் ஆட்டம். அதில் ரயில்வேகூட விலைக்குக் கிடைக்கிறது. ரயில்வேக்காரன் என்ற முறையில் அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

இந்த ஆட்டத்தின் மூலக் கதை சுவாரஸ்யமானது. இதற்கு முன்னோடியான மோனோபலி ஆட்டத்தின் வேர் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி கண்டுபிடித்த ‘நிலச்சுவான்தார் ஆட்டம்’. 1904-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிலர் நிலத்தை வளைத்துப் போட்டால் மற்றவர்கள் வாடகை கொடுத்தே போண்டியாகிவிடுவார்கள் என்று ஜனங்களுக்கு எச்சரிப்பதே அவர் நோக்கம். அதற்காக இரண்டு விதமான சட்டங்களை வகுத்தார். ஒரு சட்டப்படி ஆடினால் செல்வம் பெருகும்போது எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். மற்றதன்படி ஆடினால் ஒருவன் வாழ, மற்றவர்கள் திவாலாவார்கள். உலகம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது! 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மோனோபலியை வெளியிட்டது. சார்லஸ் டாரோ என்பவர் அதைக் கண்டுபிடித்தவர் என்ற பெயரையும் பெரும் பணத்தையும் பெற்றார். மேகி அம்மையாருக்குக் காப்புரிமைக்காகக் கிடைத்தது 500 டாலர். பேராசையை எச்சரிக்கப் பிறந்த ஆட்டம் பேராசையைச் சொல்லிக் கொடுக்கும் ஆட்டமாகிவிட்டது.

இதனால் நமக்குத் தெரிவது என்ன? விளையாட்டு தானாக நல்லதைக் கற்பித்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பெரியவர் வேண்டும். பிள்ளை எல்லாப் பணத்தையும் ஊர்களாக மாற்றிவிட்டு, வாடகை கொடுக்கக் கையில் நோட்டு இல்லாமல் திண்டாடும்போது, “பார்த்தாயா, கையிருப்பு இல்லாமல் சொத்து வாங்கினால் இப்படித்தான்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் வாங்கிவிட்டு மாதக் கடைசியில் விழிக்கும் எத்தனையோ பேருக்குச் சிறுவயதில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

பரிசுச் சீட்டும் போன் சூதும்

பிள்ளைகளுக்கு நாம் எந்த ஆட்டத்தையும் சொல்லித் தராவிட்டால் அவர்கள் ஆடாமல் இருந்துவிடப் போவதில்லை. ஊரே ஓர் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருக்கிறது.

கேரளத்தில் 1967-இல் லாட்டரித் துறை ஏற்பட்டது. 1968 ஜனவரி 26-இல் முதல் குலுக்கல். டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50 ஆயிரம் ரூபாய். இன்று ஓணம் பம்பர் டிக்கெட் 500 ரூபாய்; முதல் பரிசு 2022-இல் 25 கோடி ரூபாயாயிற்று. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டதால் எல்லை தாண்டி வரும் நம்மவர்களுக்கு இங்குள்ள டிக்கெட் மீது தனி மோகம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: லாட்டரி வருமானத்தில் ஏழைகளின் வைத்தியத்துக்கு உதவி போகிறது; உடல் ஊனமுற்ற எத்தனையோ பேர் டிக்கெட் விற்றுப் பிழைக்கிறார்கள். அதைக் குறை சொல்வது நோக்கமல்ல. ஆனால் தினமும் மாலையில் அப்பா பேப்பரை விரித்து எண் பார்ப்பதைக் கண்டு வளரும் பிள்ளை, பணம் உழைப்பால் வருவது என்று நினைக்குமா, ஒரு நாள் விழுவது என்று நினைக்குமா? விழுந்தாலும் நிம்மதி உண்டா? அந்த 2022 ஓணம் பம்பர் நம் நகரத்துக்காரர் ஒருவருக்குத்தான் அடித்தது. உதவி கேட்டு வந்தவர்களின் தொல்லையால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று அவர் வருந்தியதைப் பத்திரிகைகளில் படித்தோம்.

லாட்டரியாவது தெருவில் நடக்கிறது. போனுக்குள் நடக்கும் சூது வீட்டுக் கட்டிலில் நடக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் தடை செய்தது; அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் பலர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு சட்டம் வந்து, 2023 ஏப்ரலில் அமலாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் சட்டம் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் போல. பின்பக்கச் சுவரேறி வருகிறவனை வீட்டுக்காரன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணத் துப்பாக்கி ஆட்டம், ஓட்டப்பந்தய ஆட்டம் என்று பிள்ளைகள் ஆடுவதிலும், புதுச் சட்டை வாங்கு, புது வண்டி வாங்கு என்று பத்து ரூபாய், ஐம்பது ரூபாயாகக் கறக்கும் வித்தை உண்டு. அப்பாவின் போனில் ரகசிய எண் தெரிந்த பிள்ளை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாரதக் கதை நமக்கு எல்லாம் தெரியும். சூதாட்டத்தில் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் இழந்த தருமனுக்குக் கணக்குத் தெரியாமல் போகவில்லை. ஆட்டத்திலிருந்து எழுந்திருக்கத் தெரியாமல் போயிற்று. எழுந்திருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பணப் பாடத்தில் பெரிய பாடம். அதை வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடும்போதே கற்றுக்கொடுக்கலாம்.

வீட்டில் ஆடக்கூடிய மூன்று ஆட்டங்கள்

செலவில்லாமல் எந்த வீட்டிலும் நடத்தக்கூடிய மூன்று ஆட்டங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கடை ஆட்டம். சிரட்டையில் துளை போட்டுக் கயிறு கட்டினால் தராசு. மணல் சர்க்கரை, செங்கல் தூள் மிளகாய்ப்பொடி. நம் பாட்டிமார் காலத்திலிருந்து ஆடும் ஆட்டம்தான். இதில் ஒரு விதியை மட்டும் சேருங்கள்: காகிதத்தில் எழுதிய பத்து ரூபாய்களைத் தவிர வாங்குகிறவனுக்கு வேறு பணம் கிடையாது, ஆனால் கடையில் இருபது ரூபாய்க்குச் சாமான் இருக்கும். எது வேண்டும், எதை விடலாம் என்று பிள்ளையே தீர்மானிக்கட்டும். அழட்டும், பரவாயில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு ரூபாய் நோட்டும் ஒரு ஜாபிதாவும் கொடுத்து உண்மையான சாலைக் கடைத்தெருவுக்கே கூட்டிப் போங்கள். விலை கேட்பது, நாலு கடை பார்ப்பது, சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளுவது, மீதியை எண்ணி வாங்குவது எல்லாம் பிள்ளையின் வேலை. நீங்கள் பையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சீட்டு ஆட்டம். கேரளத்தில் சிட்டி, குறி என்பார்கள்; நாம் சீட்டு என்போம். மாநில அரசே 1969-இல் இதற்காக நிதி நிறுவனம் தொடங்கியது என்றால் இந்த மண்ணில் சீட்டு எவ்வளவு ஊறிப்போனது என்று தெரிந்துகொள்ளலாம். அக்கா தம்பி, சித்தப்பா பிள்ளைகள் என்று ஐந்து பேர் சேரட்டும். வாரம் ஆளுக்குப் பத்து ரூபாய். மொத்தம் ஐம்பது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் எடுக்கலாம். அவசரம் உள்ளவன் தள்ளி எடுக்க வேண்டும். முதல் வாரம் ஒரு பையன் பத்து ரூபாய் தள்ளி நாற்பதுக்கு எடுக்கிறான் என்று வையுங்கள். தள்ளிய பத்தும் ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டாகப் பிரியும். அவன் பங்கு இரண்டு திரும்பி வந்தால், அவசரத்துக்காக அவன் இழந்தது எட்டு ரூபாய். கடைசி வாரம்வரை பொறுத்திருந்தவன் ஐம்பதையும் முழுதாக எடுக்கிறான்; வாரா வாரம் மற்றவர்கள் தள்ளியதில் பங்கும் வாங்கியிருக்கிறான். கடன் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன, பொறுமைக்கு என்ன விலை என்பது ஐந்தே வாரத்தில் விளங்கிவிடும். எடுத்தவன் அடுத்த வாரம் பணம் கட்டாமல் ஓடினால் சீட்டு என்ன ஆகும் என்பதும் விளங்கும். பெரியவர்களில் எத்தனையோ பேர் வீட்டை விற்றுக் கற்றுக்கொண்ட பாடம் அது.

மூன்றாவது, பரிசுச் சீட்டு ஆட்டம். லாட்டரி கூடாது என்று வாயால் சொன்னால் பிள்ளை கேட்காது. ஆடியே காட்டுங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது புளியங்கொட்டை, மொத்தம் நூறு. ஒரு பிள்ளை தனியாகச் சீட்டு விற்கட்டும். ஒரு சுற்றுக்குப் பத்துச் சீட்டு. சீட்டுக்கு ஒரு கொட்டை. குலுக்கலில் ஜெயித்தவனுக்கு ஆறு கொட்டை. மிச்சம் நாலு விற்றவனுக்கு. காலியானவனின் சீட்டை மற்றவன் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் யாரோ ஒருவன் ஜெயித்துக் குதிப்பான். ஆனால் இருபது சுற்று முடிந்தபின் எண்ணிப் பார்த்தால், நூறு கொட்டையில் எண்பது சீட்டு விற்றவன் மடியில் இருக்கும்! குதித்தவன், அழுதவன் எல்லோருக்கும் சேர்த்து மிச்சம் இருபதுதான். அதற்குமேல் நீங்கள் உபதேசம் செய்யவே வேண்டாம்.

இந்த மூன்றிலும் உண்மையான காசு வைத்து ஆடுவது சீட்டு ஆட்டத்தில் மட்டும்தான். அதிலும் போட்டது திரும்பி வருகிறது. மற்றவற்றில் காகிதமும் கொட்டையும் போதும். காசு கட்டிப் பந்தயம் வைத்தால் அது பாடமல்ல, சூது.

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது

ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சேமிப்புத் திட்டம் சக்கைப்போடு போட்டது. மாணவனே காசாளர், மாணவனே கணக்கர். ஆசிரியர் மேற்பார்வை மட்டும். பத்துக் காசு, நாலணா என்று கட்டி, சிறிய பாஸ் புத்தகத்தில் வரவு வைத்துக்கொள்வார்கள். அதில் சேர்ந்த தொகை பெரிதல்ல. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பாங்கி ஆட்டம் நடந்தது என்பதுதான் பெரிது. பின்னாளில் கேரளத்தில் கருவூலத்தோடு இணைத்து மாணவர் சேமிப்புத் திட்டம் ஏற்பட்டது. எந்தப் பெயரில் இருந்தாலும், கட்டுகிற வேலையையும் கணக்கு எழுதுகிற வேலையையும் ஆசிரியரே முடித்துவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பேரேட்டைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும்.

ரிசர்வ் பாங்கியும் இதில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பிள்ளைகளுக்காகப் படக்கதைகள் வெளியிட்டது. பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்தலாம் என்று 2014-இல் அனுமதித்தது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைப் புதுப்பித்து மீண்டும் அறிவித்தது. டில்லியில் ‘பட்டர்ஃப்ளைஸ்’ என்ற சேவை ஸ்தாபனம், தெருவில் வேலை செய்து பிழைக்கும் பிள்ளைகளுக்காகப் பிள்ளைகளே நடத்தும் பாங்கி ஒன்றை 2001-இல் தொடங்கியது. படிப்பறிவு குறைந்த அந்தப் பிள்ளைகள் பணம் வாங்கி, வரவு வைத்து, கணக்கு முடிக்கிறார்கள். காப்பி டம்ளர் கழுவும் பிள்ளையால் முடிவது கான்வென்டில் படிக்கும் நம் பிள்ளையால் முடியாதா?

நம் ஊர்த் தமிழ்ச் சங்கங்களும் சமூக மண்டபங்களும் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கோலப் போட்டி, பேச்சுப் போட்டி நடத்துகின்றன. அவற்றோடு பிள்ளைகள் சந்தை ஒன்றையும் நடத்தலாம். பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு நூறு ரூபாய் முதல் போட்டு, சுண்டலோ மோரோ காகிதப் பையோ செய்து விற்கட்டும். முதல் எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று சாயங்காலம் எல்லோர் முன்னிலையிலும் கணக்குப் படிக்கட்டும். அதிக லாபம் சம்பாதித்தவருக்குப் பரிசு வேண்டாம். கணக்கு நேராக இருந்தவருக்குப் பரிசு கொடுங்கள். நஷ்டம் வந்ததை மறைக்காமல் சொன்ன பிள்ளைக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம்.

காசாசை வந்துவிடாதா?

இதைப் படிக்கும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். “பால் மணம் மாறாத பிள்ளைக்குக் காசு ஆசையை மூட்டுவதா? படிக்கிற வயதில் படிக்கட்டும்” என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு வேலை செய்தால் ஐந்து ரூபாய், மார்க் வாங்கினால் ஐம்பது ரூபாய் என்று எல்லாவற்றுக்கும் விலை வைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அது பணப் பாடம் அல்ல, லஞ்சப் பாடம். தாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக் கூலி கேட்கும் பிள்ளையை நாம் வளர்க்க வேண்டாம்.

ஆனால் காசைப் பற்றிப் பேசாததால் காசாசை வராமல் போய்விடாது. கடன்காரன் வந்து வாசலில் நிற்கும்போது பிள்ளையை உள்ளே போகச் சொல்லும் வீட்டில்தான் பணம் பயங்கரப் பொருளாகப் பிள்ளை மனதில் பதிகிறது. அளவு தெரிந்தவனுக்குத்தான் ஆசைக்கு அணை போடத் தெரியும். சேர்க்கத் தெரிந்த கைக்குத்தான் கொடுக்கவும் தெரியும். 2018 வெள்ளத்தின்போது கேரளத்துப் பிள்ளைகள் தங்கள் குடுக்கையை உடைத்து நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி சைக்கிள் வாங்குவதற்காக உண்டியலில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த காசை, தான் பார்த்தறியாத கேரளத்துக்காக அனுப்பியதை இரு மாநிலமும் கொண்டாடியது. அவள் சேர்க்கக் கற்றிருக்காவிட்டால் கொடுக்க அவளிடம் என்ன இருந்திருக்கும்?

சித்திரை பிறக்கும்போது இங்குள்ள தமிழ் வீடுகளிலும் விஷுக் கைநீட்டம் கொடுக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல வழக்கம். தாத்தா, மாமா, அத்தை, பக்கத்து வீட்டுச் சேட்டன் என்று எல்லோரும் கொடுத்ததைச் சாயங்காலம் அம்மா வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறாள். பிறகு அது பால் பாக்கியோடு போய்விடும். இந்தத் தடவை அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளையின் முன்னால் நாலு கிண்ணம் வையுங்கள். இப்போது செலவழிக்க ஒன்று, பிறகு வாங்க ஆசைப்படும் பொருளுக்கு ஒன்று, எடுக்கவே கூடாத சேமிப்புக்கு ஒன்று, இல்லாதவர்க்குக் கொடுக்க ஒன்று. எதில் எவ்வளவு என்பதைப் பிள்ளையே பிரிக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். செலவுக் கிண்ணம் மூன்றாம் நாளே காலியாகிவிட்டால் அதை நிரப்பிக் கொடுக்கும் ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். காலிக் கிண்ணம் சொல்லும் புத்தியை நாம் சொல்ல முடியாது.